லிஃப்டுக்கே உரியது

எனக்கு முதல்ல கெடுதல் பண்ணினது என் மாப்பிள்ளைதாம்மா. பொண்ணைக் குடுத்த சொந்த மாப்பிள்ளை. இல்லல்ல, லிஃப்ட் நடுவழியில நின்னதுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்ல, லிஃப்டுன்னா நிக்கத்தான் செய்யும். நீங்க மணியை அமுக்குங்க, நான் வேண்டாங்கல.

மேல ஏழாவது மாடியில அவன் இன்ஜினியர். லிஃப்டைக் கம்ப்யூட்டர்ல வரையறதுக்குன்னே ஒரு மொழி கட்டினான். ஆமா, மொழிதான். நாம பேசற மாதிரி இல்ல, எல்லாம் கட்டம், கோடு. எந்தச் சொல் அதுல சேரலாம்னு ஒரு சோதனை வச்சான் பாருங்க. லிஃப்டே இல்லாத எடத்துலயும் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கா? அப்ப அது பொது, வெளிய போ. லிஃப்டுக்குன்னே பொறந்ததா? உள்ள வா.

கதவு எல்லா வீட்லயும் இருக்கே மாப்பிள்ளைன்னேன். இது கூண்டு வந்து நின்னாத்தான் தெறக்கும் மாமா, வேற ரகம்னு சேர்த்துக்கிட்டான். மணி? பள்ளிக்கூடத்துலயும் அடிக்குதே, பொது. லிஃப்ட்மேன்? மனுஷன் இல்லாத எடம் ஏது மாமா, அதுவும் பொதுன்னான். சிரிச்சுக்கிட்டே. என் பொண்ணு பக்கத்துல நின்னு பரிமாறிக்கிட்டிருக்கா.

இந்த லிஃப்டுக்கு லிஃப்ட்மேனா இருந்த நானும் கூண்டு வந்துச்சா, எவனாச்சும் மாட்டிக்கிட்டானான்னு பார்த்துக்கிட்டே கெடந்தவன்தானே? கதவுக்குக் காட்டின கருணை மாமனாருக்கு இல்ல. மாப்பிள்ளை வரைஞ்ச படத்துலயே இல்லாத ஆள் எதுக்குன்னு முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டார்.

அன்னைக்கே கேட்டேன்: மணி அடிச்சா யாரு மாப்பிள்ளை கேக்கறது? அது எங்க மொழியில வராது மாமா, கட்டடத்துக்காரங்க மொழியில வரும்னான். அவங்களைக் கேட்டா, லிஃப்டுக்குள்ள இருக்கற மணி லிஃப்டோடதுங்கறாங்க.

போன்ல சிக்னல் இல்லையா? இந்த இரும்புப் பெட்டிக்குள்ள வராதும்மா. கத்தினாலும் வீண், இன்னைக்கு லீவு. மேல என் மாப்பிள்ளை ஒருத்தன்தான் இருப்பான், ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டுப் பாட்டு கேட்டுக்கிட்டு. உக்காருங்க, துண்டு விரிச்சிருக்கேன்.

மணி ரிப்பேரோன்னு பயப்படாதீங்க. கணீர்னு அடிக்கும். கீழ மாடிப்படிக்கு அடியில, என் ஸ்டூலுக்கு நேர் மேல. அந்த மூலைக்கு என்னைத் தவிர யாரும் வந்ததில்ல.

அதை யாரு கேக்கறதுங்கற கேள்விக்கு அவன் இன்னும் சரியா பதில் சொல்லலம்மா. இன்னைக்கு வாங்காம விடறதில்லன்னுதான் மேல போய்க்கிட்டிருந்தேன்.