பொடி போடாத தண்ணி

— கண்ணாடி ரியாக்டர் ஒடஞ்சது பொங்கலுக்கு முந்தியா பிந்தியா, ஒச்சப்பண்ணே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— பொங்கல் லீவு முடிஞ்சு, அட்டெண்டர் நாந்தானே லேபத் தொறந்தேன். பாத்திரம் அடியில கீறல் விட்டு, சாயத் தண்ணி பூராம் தரையில கெடந்துச்சு. ஏழு வருசக் கதையாச்சே பாஸிலாம்மா. இதக் கேக்கவா காலேஜுக்கு லீவு போட்டுட்டு அகரத்துக்கு பஸ் ஏறி வந்தீங்க?

— ஆமாண்ணே. ஸ்டீல் ரியாக்டர் எப்ப வந்துச்சு?

— அந்த வாரமே. கண்ணாடிக்கு ஆர்டர் போட்டா மூணு மாசம் ஆகும்னாங்க. நாந்தான் திண்டுக்கல்ல ஒரு லேத்துப் பட்டறையில சொல்லிக் கடைஞ்சு வாங்கியாந்தேன். நம்ம ஹெட்டு பிராங்கிளின் சார் முதுகுல தட்டிக் குடுத்தாரு.

— நான் புளியங்கொட்டைத் தோலப் புது முறையில கருக்கிப் பொடி செஞ்சது?

— அதுவும் அப்பத்தான். அந்தப் பொடியப் போட்டு ஸ்டீல்ல மொத தடவ ஓட்டுனோம். தோல் பதனிடுற ஷாப்புக் கழிவுத் தண்ணி, கன்னங்கரேல்னு இருந்தது, ரெண்டு மணி நேரத்துல எளநி மாதிரி தெளிஞ்சுச்சு. நீங்க நின்ன எடத்துல அழுதீங்களே, மறந்து போச்சா?

— மறக்கல.

— செத்த இருங்க தாயி, மோர் கொண்டாறேன். மொகமே வாடிக் கெடக்கு.

— மோர் இருக்கட்டும், உக்காருங்க. போன மாசம் முனீர் பாய் தோல் ஷாப்புல பெரிய அளவுல செஞ்சு பாத்தோம். சிமெண்டுத் தொட்டி. பொடியப் போட்டு, பெராக்சைடு ஊத்தி, மூணு நாளு காத்துக் கெடந்தோம். தண்ணி கருப்பாவே நின்னுச்சு.

— பொடி நமுத்துப் போயிருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். புதுசா செஞ்சு போட்டும் தெளியல. அப்புறம் லேபுக்கு வந்து வேற ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல அதே பொடியப் போட்டு ஓட்டுனேன். அதுலயும் தெளியல. கடைசியா ஸ்டீல்ல, பெராக்சைடு மட்டும் ஊத்தி, பொடி போடாம ஓட்டுனேன்.

— பொடி போடாமயா?

— ரெண்டே மணி நேரம். தெளிஞ்சுருச்சு.

— சொல்லுங்க தாயி.

— வேலை பாத்தது என் பொடி இல்லண்ணே. அந்த ஸ்டீலு. அதுல உள்ள இரும்பு கொஞ்சங்கொஞ்சமா தண்ணியில எறங்கி, அதுதான் சாயத்த ஒடச்சிருக்கு. பொடி சும்மா உள்ள கெடந்து சுத்தியிருக்கு. அது எம்புட்டு வேகமா வேலை செய்யுதுன்னு ஏழு வருசமா அளந்து அளந்து எழுதுனேனே, அம்புட்டும் பாத்திரத்தோட வேகம்.

— அப்ப அதக் கொண்டாந்த என் தப்பா?

— உங்க தப்பு என்ன இருக்கு. பொடி இல்லாம ஒரு தடவ ஓட்டிப் பாக்குறது படிக்கிற புள்ளைங்களுக்கே சொல்லிக் குடுக்குறது. கண்ணாடியில நான் பாத்தேன். பாத்திரம் மாறுனப்போ திரும்பப் பாக்கல. சந்தோசத்துல விட்டுட்டேன்.

— வேற யாருகிட்டயும் சொன்னீங்களா?

— யாருகிட்டச் சொல்ல? என்னப் பெத்த அத்தா இருந்தவரைக்கும், வெளங்குதோ இல்லையோ, உம் கொட்டிக் கேப்பாங்க. லேப்ல இருந்த புள்ளைங்களும் வேலை கெடச்சு ஒவ்வொண்ணாப் போயிருச்சுங்க. நானும் அந்தப் பம்பு சத்தமும்தான். வீட்டுக்குப் போனா அதுவும் இல்ல.

— பேசாம விட்டுருங்களேன். யாரு கண்டா?

— முனீர் பாய் இன்னொரு தொட்டி கட்டுறேங்கிறாரு. பொடியக் கூடக் கொஞ்சம் போட்டாச் சரியாயிரும்னு நம்பிக்கிட்டு இருக்காரு. அந்தத் தண்ணி யாரோ ஒருத்தரு கெணத்துக்குத்தான் போகும். பொடியப் பத்தி நாங்க போட்ட கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஜர்னலுக்கு லெட்டர் எழுதிட்டேன்.

— எழுதிட்டீங்கள்ல. அனுப்ப வேண்டியதுதானே?

— கை வர மாட்டேங்குது. பிராங்கிளின் சார் பேரும் அதுல இருக்கு. அவரு போயி இன்னும் வருசம் திரும்பல. இருந்திருந்தா நேருல போயி, தப்புப் பண்ணிட்டேன் சார்னு சொல்லியிருப்பேன். இப்ப, பதில் சொல்ல முடியாத மனுசன் பேரையும் சேத்துக் கெடுக்கணும். இதெல்லாம் தெரியாமலே நிம்மதியா போய்ச் சேந்தாரு. எனக்கு அது ஒண்ணுதாண்ணே ஆறுதல்.

— தாயி.

— ம்.

— சார் ரிட்டயர் ஆனாருல்ல, நாலு வருசம் முன்ன. அதுக்கு முந்துன வாரம், ஒரு ஞாயித்துக்கெழம, என்னைய மட்டும் லேபுக்கு வரச் சொன்னாரு.

— எதுக்கு?

— ஸ்டீல்ல சாயத் தண்ணிய ஊத்தி ஓட்டச் சொன்னாரு. பொடி எடுக்கப் போனேன், வேணாம்னுட்டாரு. எதுக்குன்னு அன்னைக்கு எனக்கு வெளங்கல. இப்ப நீங்க சொல்லவும்தான் வெளங்குது.

— தெளிஞ்சுச்சா?

— தெளிஞ்சுச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், "பாஸிலாவுக்குத் தெரிய வேணாம்ப்பா, அது தாங்காது"ன்னுட்டு, என்னைய வெளிய போகச் சொல்லிட்டு அவரே எல்லாத்தையும் கழுவி வச்சாரு.