ஆதிலட்சுமியின் நான்கு கட்டளைகள்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கம்பெனி இயக்குநர் திரு. ஜானகிராமன் அவர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தையல்நாயகி அம்மா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நெல்லித்தோப்புப் பெரியோர்களே, வணக்கம். என் பெயர் கலியமூர்த்தி. ஆதிலட்சுமியோடு ஒரே அறையில் புரோகிராம் எழுதியவன்.

மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது எங்கள் ஆதிலட்சுமியை. இந்த எண்பத்தொன்பதாம் வருஷத்தில், சி பிளஸ் பிளஸ் என்கிற புதுக் கம்ப்யூட்டர் மொழியில் அவர் செய்தது என்ன? ஃபைல் பிளாப்பியில் இருந்தால் ஒரு புரோகிராம், ஹார்ட் டிஸ்கில் இருந்தால் வேறொன்று என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். "ஃபைலு எங்க இருந்தா உனக்கென்ன? தொற, படி, எழுது, மூடு. இந்த நாலத்தான் கேக்கணும். எப்படிச் செய்யறதுன்னு அதது பாத்துக்கும்" என்றார். எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக ஒரு அச்சு, அந்த மொழியில் அதற்குக் கிளாஸ் என்று பெயர், அதில் இந்த நான்கு கட்டளைகள் மட்டும். புதுச் சாதனம் வந்தால் அதற்கொரு கிளாஸ் எழுதினால் போதும், பழைய புரோகிராமில் கைவைக்கவே வேண்டாம். யாருக்கு வரும் இந்தத் தெளிவு?

அதைச் சென்னை வங்கியில் தன் பெயரில் காட்டியவர் யார்? தலைவர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். ஆதிலட்சுமி கேட்டபோது, "பேரு யாருதா இருந்தா என்னம்மா, கம்பெனி ஒண்ணுதான" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? உங்கள் கையும் பட்டதாக இருக்கட்டும் என்று பொதுக் கிளாஸிலேயே ஐந்தாவதாக ஒன்றைச் சொருகினீர்கள்: பிளாப்பியைச் செருகியிருப்பது ஏ டிரைவா, பி டிரைவா? பிளாப்பியிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அது. இப்போது வங்கியில் ஃபைல்களைச் சேமிக்க டேப் வாங்கிவிட்டார்கள். டேப்பிடமும் அதையே கேட்டுக்கொண்டு நிற்கிறது உங்கள் புரோகிராம்.

சாவு வீட்டில், இன்னும் எடுக்கக்கூட இல்லை, என் தோளைத் தொட்டு என்ன சொன்னீர்கள்? "கலியமூர்த்தி, அந்த டேப் வேலைய நீ முடிச்சிக் குடுத்துடுப்பா." வயிறு எரிந்தது ஐயா. இன்னும் எரிகிறது.

சற்று முன் தையல்நாயகி அம்மா என்னிடம் கேட்டார்: "எம் பொண்ணு பேர எங்கனா போட்டுக்கிறாங்களாப்பா?"

போடுவோம் அம்மா. ஆதிலட்சுமியின் பணியைத் தொடர்வோம். அதற்காகவே சாரம் பகுதியில் தனியாக அறை எடுத்துவிட்டோம். அங்கே நாங்கள் எழுதும் புரோகிராமைத் திறந்தால், திரையின் முதல் வரியில் அவர் பெயர்தான் வரும். புரோகிராம் எழுதுகிற அத்தனை பேரும் இன்று காலை இந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டோம்.

தலைவர் அவர்களே, திங்கட்கிழமை வங்கிக்காரர்கள் வருகிறார்கள். டேப்புக்கான கிளாஸை அவர்கள் முன்னால் உட்கார்ந்து நீங்களே எழுதிக் காட்டுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததுதானே.