படகு மூக்கில் ஒரு தேங்காய்

— ஏனுங்க மாமா, தேங்காயப் படகு மேலயா உடைக்கறது?

— பின்ன எங்க உடைக்கிறது, உன் தலையிலயா? கண்மாய் நெறைஞ்சா வருசா வருசம் என் படகு மூக்குலதான் உடைக்கிறேன். இந்தப் பெரியகருப்பன் படகு ஒரு நாளாச்சும் 'ஆ'ன்னு கத்தியிருக்கா?

— உங்களுது அலுமினியமுங்க. என்னோடது ஃபைபருங்க, கண்ணாடி நாருங்க. கொச்சியில வாங்கி, லாரியில வைக்கோல் மெத்தை போட்டுப் படுக்க வெச்சுக் கொண்டாந்தனுங்க. நான் உக்காந்துட்டுத்தான் வந்தனுங்க.

— பாத்தியா சோலிய! பேருலயே கண்ணாடி. ஏத்தா பழனியம்மா, இங்க வா. உன்னக் கட்டிக்கப் போற நாச்சிமுத்து கொண்டாந்த படகப் பாரு. ஒரு தேங்காய்க்கு மூஞ்சி கீறிருச்சு.

— அய்யே! சிலந்தி வல கட்டுனாப்ல இருக்கேப்பா! தேங்காயாச்சும் ஒடைஞ்சுச்சா?

— ஒடையல. உருண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு.

— தேங்கா ஒடையாம படகு ஒடைஞ்சுச்சா? அய்யோ, எனக்கு வயிறு வலிக்குது!

— சிரிக்காதத்தா, இது சிரிக்கிற சோலியில்ல. சகுனம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? ஏலே நாச்சி, இன்னைக்கு வெத்தல பாக்கு மாத்துறதெல்லாம் வேணாம். எங்க அக்காகிட்ட, அதான் உங்க ஆத்தாகிட்ட, போய்ச் சொல்லிரு.

— காலையில மாப்ளே மாப்ளேன்னு வாய் நெறையக் கூப்புட்டீங்க. இப்ப ஏலேங்கறீங்க.

— அது தேங்காய்க்கு முன்ன. இது தேங்காய்க்குப் பின்ன.

— மாமா, அது மேல்பூச்சுல விழுந்த கீறலுங்க. உள்ளார நாரை அடுக்கடுக்காப் பிசின் போட்டு ஒட்டியிருக்குதுங்க. தண்ணி ஏறாதுங்க.

— நீ சொல்லிட்டா ஆச்சா? என் படகு, சண்டைக் காலத்து ஏரோப்ளேன் தகடுடா. வானத்துல போனது. அடிபட்டா ஒடுங்கும். செத்த நேரம் உள்பக்கமாச் சுத்தியலால தட்டுனா நிமிந்துக்கும். உன்னுத எத வச்சுத் தட்டுவ?

— அப்படித் தட்டித் தட்டித்தானுங்க தகடு முறியும். ஒரு கம்பிய இப்படியும் அப்படியும் மடக்கிட்டே இருந்தா பட்டுனு போயிருமல்லங்க? உங்க படகுலயும் தகட்டச் சேத்த ரிவிட்டு ஆணி ஓரமா மயிராட்டம் ஒரு கோடு ஓடுதுங்க. நான் பாத்தனுங்க.

— அம்புட்டுக் கொழுப்பா! என் படகையா கொற சொல்ற?

— அப்பா, கரையில நின்னு கத்தினா தண்ணிக்கு என்ன தெரியும்? அவுக படகுல நீங்களும் ஏறிக்கங்க. மடை வரைக்கும் போயிட்டுத் திரும்புங்க. நான் நம்ம படகுல கூடவே வாரேன்.

— அம்மிணி சொல்றது சரிங்க. ஒரு சொட்டு உள்ள வந்தாலும் நான் எங்கூரு ஒட்டன்சத்திரத்துக்கே போயிடறனுங்க. உங்க கன்னிவாடிப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டனுங்க.

— வராட்டி?

— வராட்டி வெத்தல மாத்தோணுமுங்க.

— ஏறு. துடுப்ப எடு.

— மாமா, ஆடாம உக்காருங்க.

— நான் எங்கடா ஆடுறேன், உன் படகு ஆடுது. கீறல்ல வெரல வச்சுருக்கேன். நனைஞ்சுதோ, உன் கத அம்புட்டுத்தான்.

— நனைஞ்சுதுங்களா?

— இன்னும் இல்ல.

— இப்பங்க?

— பேசாமத் தள்ளுடா!

— எதுக்குங்க மாமா படகக் குத்தறீங்க?

— சோதிக்கிறேன்.

— கை வலிக்கலீங்களா?

— வலிக்குது.

— மடை வந்துருச்சுங்க. வெரலக் காட்டுங்க மாமா. காஞ்ச மொளகாயாட்டம் இருக்குது!

— தண்ணி வரல, ஒத்துக்கிறேன். அதுக்காவ சகுனம் இல்லேன்னு ஆயிருமா? என் படகுல ஒடைச்சு ஒரு தேங்காயாச்சும் உருண்டு ஓடியிருக்கா? பொண்ணு விசயம்டா. மனசு ஒப்பல.

— மாமா! இது ஞாயமுங்களா?

— அப்பாஆ! நம்ம படகுல தண்ணி!

— என்னத்தா சொல்ற?

— ரிவிட்டு ஓரமாக் குபுகுபுன்னு வருதுப்பா! கணுக்காலு முங்கிருச்சு!

— சொம்பு கெடக்கும் பாரு, மொண்டு ஊத்துத்தா!

— அதத்தான் செய்யிறேன்! ஊத்த ஊத்த ஏறுது!

— ஏலே நாச்சி, திருப்புடா! ஒத்தப் புள்ளடா எனக்கு! படகு போனாப் போகுது, புள்ளயத் தூக்குடா!

— கையக் குடு அம்மிணி! தாண்டு! ஆங்... வந்தாச்சு.

— அதான் வந்துட்டேன்ல, கைய விடுங்க. அப்பா பாக்குறாரு.

— உசுரே போயிருச்சு அம்மிணி.

— கீறுன படகு மூணு பேரத் தாங்குது. ஏரோப்ளேன் தகடு என் புள்ளய முக்கப் பாத்துச்சு. சகுனமாவது மண்ணாவது! நாச்சி, இன்னைக்கே வெத்தல மாத்துறோம்.

— நெசமாலுமேங்களா மாமா?

— இந்தக் கண்மாய்த் தண்ணி மேல சத்தியம். நாளைக்கு அந்த ஓட்டப் படகக் கரையேத்தித் திண்டுக்கல்லு பாத்திரக் கடைக்குப் போட்டுர்றேன். உருக்கி அண்டா பண்ணட்டும்.

— அண்டாவா? நம்ம படகையா?

— வேற என்னத்தா செய்ய? அதுலதான் உன்னத் தூளி கட்டித் தூங்க வச்சேன். அது கெடக்கட்டும், போகுது.

— அப்பா, வேணாம்ப்பா.

— வேணும்த்தா. புள்ளய முக்கப் பாத்த படகு எனக்கு வேணாம்.

— அய்யோ, அது ஒண்ணும் பண்ணலப்பா! நல்ல படகுப்பா அது! ஒரு சொட்டு ஒழுகல. நான்தான் கண்மாயிலருந்து மொண்டு மொண்டு உள்ள ஊத்துனேன். கையெல்லாம் ஓஞ்சுபோச்சு.

— அம்மிணி! என்ன புள்ள இப்படிப் போட்டு ஒடைச்சுட்ட? மாமா, சத்தியம் பண்ணிட்டீங்க, மாத்தப்படாதுங்க!

— தெரியும்த்தா. பக்கத்துல வந்தப்பவே சொம்பு போற தெசையப் பாத்துட்டேன். காஞ்ச வெரல வச்சுக்கிட்டு, சொன்ன சொல்லுலருந்து எப்படி எறங்கி வாரதுன்னு நானே முழிச்சுக்கிட்டு இருந்தேன். அண்டான்னது உன் வாயப் புடுங்கத்தான். வேகமாத் துடுப்புப் போடுங்க மாப்ளே, வெத்தல வாடுது.