அடேனியத்துக்கு ஊற்றிய பாசம்

பம்மலிலிருந்து தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே ஒரு தம்பதி. அந்தம்மா மடியில், அப்போதுதான் வாங்கிய அடேனியம் பூச்செடித் தொட்டி.

“பழைய செடியைப் பாசத்தாலேயே கொன்னுட்டீங்க,” என்றார் அந்தம்மா. அதற்கப்புறம் என் கண் மட்டும்தான் போனில் இருந்தது.

“வெயில்ல வாடுதேன்னு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன். அது ஒரு தப்பா?”

“அது பாலைவனத்துச் செடிங்க. மண்ணு நல்லா காஞ்ச பிறகுதான் ஊத்தணும்.”

“கீழ் வீட்டுத் துணியில சொட்டக்கூடாதுன்னு தொட்டிக்கு அடியில தட்டு வேற வச்சேன்!”

“ஆமா, பெரிய புண்ணியம். நான் அம்மா வீட்லேர்ந்து வந்து பாத்தா, தட்டு நிறைய தண்ணி. அடித்தண்டு அழுகின உருளைக்கிழங்காட்டம் கொழகொழன்னு கெடக்குது. கொசுதான் ஜம்முனு வளந்திருந்தது.”

கணவர் அந்தம்மா மடியிலிருந்த தொட்டியைத் தொட்டுக் காட்டினார்.

“சரி, இந்தச் செடிக்கு நான் என்னதான் செய்யணும்?”

“வெயில்ல வச்சிட்டு, அந்தப் பக்கமே திரும்பாம இருங்க. நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப இருந்தீங்களே, அதே மாதிரி. அமோகமா பூக்கும்.”