தோர்னின் தோளருகே

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இது நம்ம ரேச்சலோட மாமனாருக்கு நடந்தது. ஆம்புரோஸ்னு பேரு. லண்டன்ல செப்புத் தகட்டுல படம் செதுக்குறவர்.

டிசம்பர் மாசம். காலையில அஞ்சு மணி. பட்டறைக்குப் போற சந்துல ஈ காக்கா இல்ல. மூடுபனி... கரிப்புகை வாடை. பின்னாடியே பூட்ஸ் சத்தம். டக்... டக்... திரும்பினா, அரண்மனை ஓவியர் லாம்பெர்ட்.

"தூக்கம் வரல ஆம்புரோஸ். முதல் அச்சை நானே பாக்கணும்."

கட்டடக் கலைஞர் தோர்னை வரையச் சொல்லி ராஜா உத்தரவு. லாம்பெர்ட் வேண்டா வெறுப்பா வரைஞ்சிருந்தார். ஏன்னா அவர் பெண்டாட்டி சுசானா, முதல்ல தோர்னுக்கு நிச்சயமானவ. அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சு... இவர் பொறாமை சாகல. படத்துல தோர்னுக்குப் பின்னால வெறும் கறுப்புத் திரை.

அதைத்தான் ஆம்புரோஸ் தகட்டுல இறக்கியிருந்தார். மெசோடின்ட் வேலை. தகடு முழுக்கக் குத்திச் சொரசொரப்பாக்கணும். அப்படியே அச்சடிச்சா அட்டக் கறுப்பு. எங்கே சுரண்டுறோமோ அங்கேதான் வெளிச்சம்.

மை தடவினார். உருளை கிரீச்சுனு சுத்துச்சு. தாளைத் தூக்கினா... தோர்ன் தோள் பக்கத்துல, இருட்டுக்குள்ள, மங்கலா ஒரு பொம்பள முகம்.

"ஐயா, சத்தியமா நான் செதுக்கல!"

லாம்பெர்ட் வெளுத்துட்டார். தாளைப் பாக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கேட்டார்.

"சிரிக்கிறாளா?"

"...ஆமாங்க."

"என்கூடப் பதினோரு வருஷம் இருந்தா. ஒரு தடவை சிரிச்சதில்ல."

சுரண்டியைப் பிடுங்கி, தகட்டுல அந்த முகத்தை வறக்வறக்குனு சுரண்டினார்.

"ஐயையோ, வேணாங்க! சுரண்டச் சுரண்ட இன்னும் பளிச்சுனுதான் வருவாங்க!"

எங்கே கேட்டார்? "அடி இன்னொண்ணு!"

ரெண்டாவது தாள். பளீர்னு நிக்கிறா. தோர்ன்... முதல் தாள்ல நம்மளப் பாத்தவர், இதுல அவ பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

விடிஞ்சதும் சேதி வந்துச்சு. தோர்ன் நாற்காலியிலேயே போயிட்டாராம். கழுத்து ஒரு பக்கமா திரும்பி... சிரிச்ச முகமா.

"அவகிட்ட போயிட்டானா?" லாம்பெர்ட் உறுமினார்.

தோர்னை யார்க்ல, அவர் சொந்த ஊர்ல புதைச்சாங்க. நாலு நாள் வண்டிப் பயணம். லாம்பெர்ட் கூடவே போய், கடைசிப் பிடி மண்ணு விழுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் திரும்பினார்.

ஏழே மாசம். லாம்பெர்ட்டும் போனார். லண்டன் கோயில்ல, சுசானா கல்லறைக்குள்ள, அவ பக்கத்து இடத்தைத் தனக்குன்னு வாங்கி வச்சிருந்தார். அடக்கத்துக்கு ஆம்புரோஸும் போயிருந்தார். மூடியிருந்த கல்லைப் பெயர்த்து, விளக்கோட ஒருத்தன் உள்ளே இறங்கினான். விளக்கு வெளிச்சம் கீழே அங்கயும் இங்கயும் அலைஞ்சுது.

அப்புறம் கீழேயிருந்து அவன் குரல்.

"ஐயா... இங்க இடமில்லையே. ரெண்டு பேர் படுத்திருக்காங்க."