மேளம் நின்றால் யார் பாடுவது?

தலைமை தாங்கும் ஜோதிமணி அம்மா அவர்களே, இந்த அரபு மண்ணில் அப்பாசியாவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்த பெரியோர்களே, இரவு டியூட்டி முடித்து உறங்காமல் வந்திருக்கும் செவிலித் தாய்மார்களே, நாற்காலி காலியாய்க் கிடந்தும் சுவரோரம் நிற்கும் லேபர் கேம்ப் தோழர்களே, வணக்கம்.

இந்த உலக இசை விழாவில் எனக்குத் தந்த தலைப்பு பிரேசில் நாட்டு சாம்பா. "குலுக்கு டான்ஸைப் பத்தி என்னத்தப் பேசப்போறான்?" என்று முன்வரிசை அண்ணன் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. இறகையும் ஜிகினாவையும்தானே அண்ணே நமக்குக் காட்டினார்கள்? அது அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பெற்றெடுத்த இசை. கஞ்சிரா போன்ற ஒரு கருவி கையில் இருந்தாலே போலீஸ் பிடித்துப்போன காலம் இருந்தது. என்ன குற்றம்? கறுப்பாய் இருந்தது குற்றம். ஏழையாய் இருந்தது குற்றம். இரண்டுமாய் இருந்துகொண்டு சத்தம் போட்டது பெருங்குற்றம்!

இதை எனக்கு அறிமுகம் செய்தவர் ராக்கப்பன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், சாரம் கட்டுபவர். ஒரு ஹோட்டலுக்கு மேடை கட்டப் போனவர், பிரேசில்காரர்களின் ஒத்திகையைக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் கேம்ப் பஸ்ஸில் காலிச் சாப்பாட்டு டப்பாக்கள் மேளமாய்ப் பேசின. தண்ணீர் கேட்டுப் பாட்டு, நிழல் கேட்டுப் பாட்டு, போர்மேனின் தொப்பைக்கும் ஒரு பாட்டு. நடுவில் சட்டென்று கையைத் தூக்குவார். எல்லா டப்பாவும் நிற்கும்.

"மேளம் நின்னா கூட்டம் பாடணும்டா. அவங்க ஆட்டத்துக்கு அதான் உசுரு. நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்பார்.

போன ஆகஸ்டில், வெயிலுக்காகச் சட்டப்படி வேலையே நிறுத்த வேண்டிய நடுப்பகலில், அவரைச் சாரத்தில் ஏற்றினார்கள். தலை சுற்றுகிறது என்றார். "மாஃபி முஷ்கில், ஜல்தி" என்றார் போர்மேன்; ஒன்றும் ஆகாதாம், சீக்கிரம் ஏறணுமாம். இறங்கிவந்து மணலில் உட்கார்ந்தவர் எழவில்லை.

ரூமில் தூக்கத்தில் இறந்தார் என்று சொன்னது கம்பெனி. உடல் ஊர் போய்ச் சேர்ந்த அன்று அவர் மனைவி சரசு என்னிடம் போனில் கேட்டார்.

"உள்ளங்கையெல்லாம் கொப்புளமா இருக்கு தம்பி. தூங்குனவரு எதைப் புடிச்சாரு?"

வெயிலில் கொதித்த சாரத்து இரும்புக் குழாயை என்று எப்படிச் சொல்வேன்? நான் அன்று வேறு சைட்டில் இருந்தேன். பார்த்தவர்கள் என் காதில் சொன்னார்கள். ஆபீசில் கேட்டபோது ஊமையானார்கள். அவர்களில் யேசுராஜ் அண்ணன் மட்டும் காரணத்தை வாய்விட்டுச் சொன்னார்: "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய உண்டும் மக்கா."

அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. எனக்கும் விசாவைக் கையில் வைத்திருக்கும் கபீல் உண்டு, எனக்கும் பயம் உண்டு. ஆனால் அவர் போன பிறகு நம் பஸ்ஸில் ஒரு டப்பாகூடச் சத்தம் போடவில்லையே, தோழர்களே! யார் தடுத்தது? எந்தப் போலீஸ் வந்தது?

நாளை காலை தொழிலாளர் அலுவலகத்தில் அவர் சாவு குறித்து விசாரணை. கண்ணால் கண்ட ஒருவர் வேண்டும். கேட்டவன் சொல் அங்கே செல்லாது, நான் கேட்டவன்.

பேச்சை முடிக்கச் சொல்லித் தலைவர் அம்மா மணியடிக்கிறார். முடிக்கிறேன் அம்மா. சாம்பாவிலும் இப்படித்தான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் நன்றி, வணக்கம்.

சுவரோரத் தோழர்களே, கையைத் தூக்கிவிட்டேன். மேளம் நின்றுவிட்டது.