காலியான வலப்பக்க சீட்டு

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நடுவயதுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அந்த அம்மாள் கேட்டார்.

“இன்னாங்க, ஒருத்தி மட்டும் ஒக்காந்தா ஏரோப்ளேன் ஒரு பக்கமா சாஞ்சிடாதா?”

“நாளைக்கு மொத தபா தனியா ஓட்டப் போறது உம் பொண்ணு. அவகிட்டயே கேளேன்.”

“பைலட்டுக்குப் படிக்கப் போனதுலேர்ந்து நான் அவகிட்ட பேசறதில்ல. நீங்க சொல்லுங்க.”

“ரெண்டே சீட்டு. இவ இடப்பக்கம், வாத்தியாரு வலப்பக்கம். நாளைக்கு வாத்தியாரு எறங்கிடுவாரு.”

“அப்போ நடுவுல ஒக்கார வேண்டியதுதானே? ஒரே ஒரு சாமை மூட்டைன்னா நீங்க வண்டியில நடுவுலதானே கட்டுவீங்க?”

“நடுவுல சீட்டு இல்லம்மே. கொஞ்சம் சாயுமாம், கையாலயே சரி பண்ணிக்குவாளாம்.”

“காலி சீட்டுல இன்னா வெப்பாங்க?”

“ஒண்ணும் வெக்க மாட்டாங்க. பெல்ட்ட மட்டும் இறுக்கி மாட்டிடுவாங்க. பாரம் கொறஞ்சதால வண்டி சட்டுனு மேல ஏறிடுமாம்.”

இரண்டு வளைவுகள் கழித்து அம்மாள் தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு அவ கீழ எறங்கினதும் உங்களுக்குப் போன் பண்ண வேணாம். எனக்குப் பண்ணச் சொல்லுங்க.”